விதைக்குள் இல்லாத சாதி



அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாள் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மரபியல். இலக்கிய மேடையில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் சாதியைக் காப்பாற்றுகிறவர்கள் அன்றாடம் பேசுவது இந்தப் பொருளைத்தான். ‘எங்கள் இரத்தம்’ என்கிறார்கள். ‘நல்ல வித்து’ என்கிறார்கள். ‘பிறவிப் புத்தி போகுமா’ என்கிறார்கள். இடஒதுக்கீட்டில் படித்து வந்த மருத்துவரைப் பார்த்துத் தகுதி, திறமை என்று பேசும்போதும், சாதி மீறி மணந்த மகளையோ அவள் கணவனையோ வெட்டிச் சாய்க்கும்போதும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: சாதி உடம்புக்குள் இருக்கிறது, அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது.

மனு சொன்னார், கடவுள் வகுத்தார் என்று சொல்பவர்களோடு ஒரு வகையில் வாதாட வேண்டும். உடம்பைப் பற்றிய கூற்று அப்படிப்பட்டதல்ல. அதைச் சோதித்துப் பார்க்கலாம். கடந்த 150 ஆண்டுகளில் அது பலமுறை சோதிக்கப்பட்டும் இருக்கிறது. அந்த வரலாற்றையும், அதை அண்ணல் எப்படிக் கையில் எடுத்தார் என்பதையும், அவர் 1916இல் சொன்னதை இன்றைய மரபணு ஆய்வுகள் எப்படி உறுதி செய்கின்றன என்பதையும் இந்த உரையில் பார்ப்போம்.

1. இரத்தம் கடத்தாத பண்புகள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் கற்றவர்களும் பிள்ளை என்பது தாய் தந்தையின் கலவை என்றே எண்ணினார்கள். பாலில் டிகாக்ஷன் ஊற்றுவதுபோல இரண்டும் கலந்துவிடும், கலந்தபின் பிரிக்க முடியாது. சாதிக்கு இதைவிட வசதியான கோட்பாடு கிடையாது. ஒரு துளி பட்டால் குடம் முழுவதும் கெட்டது என்பதுதானே தீட்டு?

1868இல் சார்லஸ் டார்வின் ஓர் ஊகத்தை முன்வைத்தார். உடலின் ஒவ்வொரு உறுப்பும் நுண்துகள்களை வெளியிடுகிறது, அவை இனப்பெருக்க உறுப்புகளில் திரண்டு அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்றார். அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்டன் இதைச் சோதிக்க முயல்களை எடுத்துக்கொண்டார். வெள்ளிச் சாம்பல் நிற முயல்களின் உடலில் வேறு நிற முயல்களின் இரத்தத்தை ஏற்றி, அவற்றை இனப்பெருக்கம் செய்ய விட்டார். பிறந்த குட்டிகளில் அந்த வேறு நிறங்களின் சாயலே இல்லை. 1871இல் இந்த முடிவை அவர் வெளியிட்டார். இரத்தத்தின் வழியே பண்பு இறங்குவதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் ‘இரத்தப் பாசம்’, ‘இரத்தத் தூய்மை’ என்ற சொற்கள் 2016இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் அரிவாளோடு வந்து நின்றன.

1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனித இரத்தம் வகைகளாகப் பிரிவதைக் கண்டார். ஏ, பி இரண்டும் ஓங்கு பண்புகள், ஓ ஒடுங்கு பண்பு. ஏ வகைத் தந்தைக்கும் பி வகைத் தாய்க்கும் ஓ வகைப் பிள்ளை பிறக்கலாம். உடன்பிறந்த அண்ணனின் இரத்தம் தம்பிக்குச் சேராமல் போகலாம். அதே நேரம் ஊர்த்தெருக்காரருடைய இரத்தம் சேரிக்காரருக்கும், சேரிக்காரருடையது ஊர்த்தெருக்காரருக்கும் சேரும். சாதி உண்மையில் இரத்தத்தில் இருந்திருந்தால் இரத்த வங்கியின் பைகளில் அதற்கும் ஒரு கட்டம் அச்சிட்டிருப்பார்கள்.

2. மடத்துத் தோட்டம்

கால்டன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில், ஆஸ்திரியப் பேரரசின் ஒரு சிற்றூரில் குடியானவர் வீட்டில் பிறந்தவர் கிரிகோர் மெண்டல். ப்ரூன் நகரின் அகஸ்தீனிய மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவில்லை. 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணி, எழுதி வைத்தார். தகுதி என்பதைத் தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் அளப்பவர்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர் செய்தது எளிமையான காரியம். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லா விதைகளும் உருண்டை. சுருக்கம் காணாமல் போய்விட்டது என்றே யாரும் நினைப்பார்கள். அந்த விதைகளை முளைக்க வைத்து, செடிகளைத் தம்மோடு தாமே கருவுற விட்டார். அடுத்த தலைமுறையில் 5,474 விதைகள் உருண்டை, 1,850 விதைகள் சுருக்கம். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. காணாமல் போனது திரும்பி வந்தது, கொஞ்சமும் கலங்காமல் வந்தது.

இதிலிருந்து மெண்டல் அடைந்த முடிவுகள் மூன்று. ஒன்று, பண்பை நிர்ணயிக்கும் காரணி ஒவ்வொரு செடியிலும் இரண்டிரண்டாக இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டு, ஓங்கு காரணி ஒடுங்கு காரணியை மறைக்கும், ஆனால் அழிக்காது. மூன்று, பெற்றவர் தம் இரண்டில் எதைப் பிள்ளைக்குத் தருகிறார் என்பது தற்செயல், காசைச் சுண்டிப் போடுவது போன்றது.

நமக்கு முக்கியமானது அவருடைய இன்னொரு கணக்கு. விதையின் வடிவம், நிறம் என்ற இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பார்த்தார். 556 விதைகளில் 315 உருண்டை மஞ்சள், 108 உருண்டைப் பச்சை, 101 சுருங்கிய மஞ்சள், 32 சுருங்கிய பச்சை. பாட்டன் செடிகள் உருண்டை மஞ்சளும் சுருங்கிய பச்சையும்தான். பேரன் தலைமுறையில் உருண்டைப் பச்சையும் சுருங்கிய மஞ்சளும் தோன்றிவிட்டன. அதாவது பண்புகள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பயணம் செய்வதில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியே போகிறது. ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் மரபணுக்கள் சேர்ந்து போக வாய்ப்பு அதிகம் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தச் சேர்க்கையும் தலைமுறைதோறும் அறுந்து மாறுகிறது.

சாதிக் கோட்பாட்டுக்கு மூட்டை தேவை. நிறம், அறிவு, வீரம், ஒழுக்கம், தூய்மை எல்லாம் ஒரே முடிச்சில் இருந்தால்தான் ‘அவன் இன்ன சாதி, அதனால் அவன் இப்படி’ என்று சொல்ல முடியும். அந்த முடிச்சு மடத்துத் தோட்டத்திலேயே அவிழ்ந்துவிட்டது. கோத்திரப் பெருமையின் கணக்கையும் பாருங்கள். ஒருவருக்குப் பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. தந்தை வழியில் மட்டும் எண்ணும் கோத்திரம் அவர்களில் ஒரே ஒருவரைத்தான் கணக்கில் எடுக்கிறது. மீதி 1,023 பேரில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்குப் பெயரே இல்லை.

மெண்டல் தம் முடிவுகளை 1865இல் ப்ரூன் இயற்கை அறிவியல் கழகத்தில் இரண்டு கூட்டங்களில் வாசித்தார், அடுத்த ஆண்டு அச்சிட்டார். உலகம் கவனிக்கவில்லை. 1884இல் இறந்தார். 1900இல்தான் மூன்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் தனித்தனியே அவரைக் கண்டெடுத்தார்கள்.

3. வால் அறுந்த எலிகள்

நம் ஊரில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு: பரம்பரையாகச் செய்த தொழில் உடம்பில் ஏறிவிடும், குலத்தொழில் கற்காமலே பாதி வந்துவிடும். இதையும் சோதித்தவர் இருக்கிறார். 1880களின் இறுதியில் ஜெர்மானியர் ஆகஸ்ட் வைஸ்மான் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டினார். ஒவ்வொரு தலைமுறையிலும் குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன. உடம்புக்கு நேர்வது அப்படியே விதைக்குள் போவதில்லை என்பது அவர் கருத்து.

இதை நம் வரலாற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டும். நூறு தலைமுறைக்கு எழுத்து மறுக்கப்பட்டாலும் சேரியில் பிறக்கும் பிள்ளை எழுத்துக்கு முழு வாலோடுதான் பிறக்கிறது. நூறு தலைமுறை வேதம் ஓதினாலும் அக்ரகாரத்துப் பிள்ளை ஒரு மந்திரமும் தெரியாமல்தான் பிறக்கிறது, உட்கார்ந்து மனப்பாடம் செய்தால்தான் வரும். தலைமுறை தலைமுறையாக இறங்குவது வீடு, நிலம், புத்தகம், பழக்கம், ஆள் பழக்கம் ஆகியவை. இவற்றைக் கடத்துவது சொத்துரிமை.

இந்த உண்மைக்கு எதிராக 1953இல் சென்னை மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டமே வந்தது. ராஜாஜி ஆட்சி கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெரும் எதிர்ப்பு எழுந்தது, 1954இல் காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது நடந்தது அரசியல் சண்டை மட்டும் என்று வரலாறு சொல்லித் தருகிறது. உண்மையில் அது தொழில் பிறப்பில் இருக்கிறதா, பள்ளியில் இருக்கிறதா என்ற மரபியல் கேள்வியும்கூட.

டென்மார்க்கில் வில்ஹெல்ம் யோஹான்சென் அவரை விதைகளை வைத்து அதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடினார். ஒரே விதையின் வழித்தோன்றல்களில் பெரியதும் இருந்தன, சிறியதும் இருந்தன. பெரியதைப் பொறுக்கி விதைத்தாலும், சிறியதைப் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த விளைச்சலின் சராசரி எடை மாறவில்லை. வித்து ஒன்றே, வேறுபாடு மண்ணும் நீரும் வெயிலும் தந்தது. ‘ஜீன்’ என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் இவர். உள்ளே இருக்கும் மரபு வேறு, வெளியே தெரியும் தோற்றம் வேறு என்று பிரித்துக் காட்டியவரும் இவரே.

மனித உயரத்தையே எடுத்துக்கொள்வோம். 2022இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் அதிகமான மரபணு வேறுபாடுகளைக் கண்டது. ஓர் எளிய பண்பான உயரத்துக்கே இத்தனை. இவையெல்லாம் இருந்தும் வயிறு நிறையாவிட்டால் பிள்ளை வளராது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இந்த விகிதம் இன்னும் கூடுதல். இந்தக் குட்டைத்தனம் எந்த மரபணுவிலும் எழுதப்படவில்லை. ரேஷன் கடையிலும் கூலியிலும் குடிநீர்க் குழாயிலும் எழுதப்பட்டிருக்கிறது.

4. மூக்கை அளந்தவர்கள்

மரபியல் வளர்ந்த அதே காலத்தில் அதன் பெயரால் ஒரு கேடும் வளர்ந்தது. முயல்களைச் சோதித்த அதே கால்டன் 1869இல் எழுதிய நூலில் நீதிபதிகள், அமைச்சர்கள், அறிஞர்களின் குடும்பங்களைக் கணக்கெடுத்தார். மேதைகளின் வீட்டில் மேதைகள் பிறக்கிறார்கள், ஆகவே மேதைமை பிறவியில் இருக்கிறது என்றார். நீதிபதியின் மகனுக்கு நூலகமும் ஆசிரியரும் அறிமுகங்களும் சேர்ந்தே கிடைத்தன என்பதற்கு அவர் உரிய எடை தரவில்லை. 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லைப் படைத்தார். உயர்ந்தோர் அதிகம் பெற வேண்டும், தாழ்ந்தோர் குறைவாகப் பெற வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தச் சொல் போன பாதை கொடியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்நாட்டில் 60,000க்கும் மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களால் கருத்தடை செய்யப்பட்டார்கள். ஏழைகள், கறுப்பின மக்கள், மனநலம் குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் அவர்களில் நிறைய. 1933இல் நாஜி ஜெர்மனி இதே வகைச் சட்டம் இயற்றி ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தது. அடுத்து வந்தவை நச்சுவாயு அறைகள்.

இந்தியாவில் இதன் கருவி அளவுகோல். காலனிய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கி ‘மூக்குக் குறியீட்டெண்’ கண்டார். மூக்கு அகலமானால் சமூகத் தகுதி குறையும் என்று 1891இல் எழுதினார். சாதி என்பது இனம், ஆரிய மூக்கு மேலே, திராவிட மூக்கு கீழே என்பதே அவர் வாதம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் அவர்தான், சாதிகளைச் சமூகத் தகுதிப்படி வரிசைப்படுத்தியது அந்தக் கணக்கெடுப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அளந்து, ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் பாட்டன்மார் சிலருடைய தலையும் மூக்கும் அந்த அட்டவணைகளில் எண்களாகக் கிடக்கின்றன.

அதே ஆண்டுகளில், அதே சென்னையில், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தம் இதழில் இதற்கு நேர்மாறான வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். தாழ்த்தப்பட்டவர்கள் பிறவியில் தாழ்ந்தவர்கள் அல்லர், பௌத்தர்களாயிருந்து தோற்கடிக்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவர் கூற்று. அவருடைய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் இன்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வியை உடம்பிலிருந்து வரலாற்றுக்கு நகர்த்தினார் என்பதை மறக்கக் கூடாது. அருங்காட்சியகம் மூக்கில் தேடியதைச் சித்த மருத்துவரான அவர் வரலாற்றில் தேடினார்.

5. கொலம்பியாவில் 1916

1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது இரண்டு பெரிய காரியங்கள் நடந்துகொண்டிருந்தன.

ஒன்று, தாமஸ் ஹன்ட் மார்கன் தலைமையிலான ஆய்வுக்குழு பழ ஈக்களைப் பால் புட்டிகளில் வளர்த்து மரபணுக்கள் குரோமோசோம்களில் வரிசையாக அமைந்திருப்பதை நிறுவிக்கொண்டிருந்தது. 1910இல் அவர்களுக்குக் கிடைத்த வெள்ளைக் கண் ஆண் ஈ ஒன்றிலிருந்து அந்தக் கதை தொடங்கியது. 1915இல் அவர்களுடைய நூல் வந்தது.

இரண்டு, மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் குடியேறிகளின் தலைகளை அளந்து, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோருடையதிலிருந்து மாறுவதைக் காட்டியிருந்தார். நிலையானது என்று நம்பப்பட்ட இன அளவே இடம் மாறினால் மாறுகிறது என்றால், ரிஸ்லியின் அட்டவணைக்கு அடித்தளம் ஏது?

போவாஸின் மாணவரான கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 1916 மே 9 அன்று இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவர் சொன்னது சுருக்கமாக இது: சாதியின் உயிர்நாடி அகமணம். இந்திய மக்கள் பலவகை மரபினர் கலந்தவர்கள். கலந்து கிடந்த ஒரு மக்கள்திரளில் புறமணத்தின் மேல் அகமணம் சுமத்தப்பட்டபோது சாதி பிறந்தது. அந்த வேலியைக் காக்கவே கணவனை இழந்த பெண்ணை எரிப்பதும், மொட்டையடித்து மூலையில் உட்கார வைப்பதும், பருவம் எய்தாத சிறுமியை மணமுடிப்பதும் வழக்கமாயின. வேலி பெண்ணின் உடம்பைச் சுற்றிப் போடப்பட்டது என்று நாம் இதை வாசிக்கலாம்.

1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச அனுமதிக்கப்படாமல், தம் சொந்தச் செலவில் அச்சிட்ட உரையில் அவர் மரபியலை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். சாதி இனத்தூய்மையைக் காக்கிறது என்று வாதிட்டவர்களுக்கு, அந்நியக் கலப்பு இல்லாத சாதியே இந்தியாவில் அரிது என்ற பண்டார்கரின் ஆய்வை எடுத்துக்காட்டுகிறார். சாதி இனமேம்பாட்டுக்கான ஏற்பாடு என்றவர்களுக்கு, மெண்டலை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்திய வில்லியம் பேட்சனையே சாட்சிக்கு அழைக்கிறார். உயர்ந்த மனத்திறன்கள் ஒரு தனிக் காரணியால் இறங்குவதாகத் தெரியவில்லை, பல காரணிகள் ஒன்றுகூடி அமைபவை என்பது பேட்சனின் கருத்து. 12,000 வேறுபாடுகளைக் கண்டறிந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு பேசுவதும் இதே திசையில்தான்.

அடுத்து அவர் கேட்பது எளிய கேள்வி. கலப்பு மணத்தைத் தடுப்பது இரத்தத்துக்காக என்றே வைத்துக்கொள்வோம். சேர்ந்து உண்பதை எதற்குத் தடுக்கிறீர்கள்? சோற்றுப் பந்தியால் இரத்தம் கெடுமா? இந்த ஒரு கேள்வியில் இனத்தூய்மை வாதம் உட்கார்ந்துவிடுகிறது. தனிப் பந்தியும் தனிக் குவளையும் எந்த உயிரியலிலும் பொருந்தாதவை. ஆதிக்கத்தின் ஏற்பாடு என்று கொண்டால்தான் அவற்றுக்குப் பொருள் கிடைக்கும். 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில் மூக்கு அளவுகளையும் விட்டுவைக்கவில்லை. குர்யே தந்த அளவுகளையே எடுத்துக்கொண்டு, இவற்றின்படி பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர் என்று காட்டினார். எதிரியின் அளவுகோலையே வாங்கி அளந்து காட்டிய வாதம் அது.

6. மரபணுவில் பதிந்த வேலி

1916இல் அவர் சொன்னது சமூகவியல் கருதுகோள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து மரபணு ஆய்வகங்கள் அதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தன.

ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தையும் ஹார்வர்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் 73 குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். இன்றைய இந்திய மக்கள் பெரும்பாலும் இரண்டு பழைய மூதாதை மரபுகளின் கலப்பு. அந்தக் கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் வரை பரவலாக நடந்தது. பீல், சமார், கள்ளர் போன்ற குழுக்களும் இதற்கு விலக்கில்லை. அதன்பின் கலப்பு அரிதாகி அகமணம் இறுகியது. 2016இல் மேற்கு வங்கக் கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதி நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு, தாங்கள் ஆராய்ந்த மேல்சாதிக் குழுக்களில் கலப்பு சுமார் 70 தலைமுறைகளுக்கு முன் திடீரென நின்றதாகக் கணித்து, அது குப்தர் காலத்தோடு பொருந்துவதைச் சுட்டியது.

இதன் பொருளை நிதானமாகப் பார்ப்போம். ‘ஆதியிலிருந்தே நாங்கள் தனி’ என்று சொல்லும் உரிமை எந்தச் சாதிக்கும் கிடையாது. முதலில் கலந்தோம், பிறகுதான் கதவு மூடப்பட்டது. இரண்டு மூதாதை மரபுகளின் விகிதம் குழுவுக்குக் குழு, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது உண்மை. மேல்சாதிகள் பலவற்றில் வடக்கத்திய மரபின் பங்கு கூடுதலாக இருப்பதும் உண்மை. இதை மறைக்க வேண்டியதில்லை. விகிதம் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசும். அறிவைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ அது எதுவும் பேசாது. மனிதரிடையே காணும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள்குழுவுக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவோன்டின் 1972இல் காட்டினார். ஊருக்கும் சேரிக்கும் இடையே உள்ளதைவிட ஊருக்குள்ளேயே வேறுபாடு அதிகம்.

கதவை மூடியதற்கு விலையும் உண்டு. 2017இல் வந்த ஆய்வொன்று தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 குழுக்கள், சில மூதாதையரிலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துகொண்டதன் தடயத்தை மிக வலுவாகக் காட்டின. பின்லாந்து மக்களிடமும் அஷ்கனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட வலுவாக. இங்கே மெண்டலின் ஒடுங்கு காரணி மீண்டும் வருகிறது. நோய்க்கான ஒடுங்கு மரபணு ஒன்று மட்டும் இருந்தால் ஆளுக்கு நோய் வராது, கடத்துபவராக இருப்பார். அதே மூதாதையரின் வழிவந்த இருவர் மணந்தால் இருவரிடமும் அதே காரணி இருக்க வாய்ப்பு கூடும். அப்போது ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள பிள்ளைக்கு. வைசியர் சமூகத்தில், அறுவைச் சிகிச்சையில் தரப்படும் சில தசைத் தளர்வு மருந்துகள் உடலில் எளிதில் சிதையாமல் தங்கிவிடும் குறைபாடு பிறரைவிடப் பன்மடங்கு காணப்படுவது இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. தூய்மையைக் காப்பதாகச் சொல்லி எழுப்பிய வேலி உள்ளே நோயைக் காத்து வைத்திருக்கிறது.

7. நம் கடமைகள்

இந்த அறிவை நாம் எப்படிக் கையாள்வது? மூன்று எச்சரிக்கைகளோடு முடிக்கிறோம்.

முதலாவது, அரிவாள் வடிவச் செல் சோகை. இரத்தச் சிவப்பணுவின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால் வரும் நோய் இது. இந்தியாவில் 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் முதலில் பதிவானது. மத்திய இந்தியப் பழங்குடிகளிடமும், விதர்ப்பாவில் அண்ணலின் மகார் மக்களிடமும் உண்டு. இந்த மரபணு ஒன்று மட்டும் உள்ளவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைப்பதால், மலேரியா மிகுந்த நிலங்களில் அது நிலைத்தது. காரணம் கொசுவும் காடும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டு அட்டைகள் தருகிறது. பரிசோதனை தேவை, சிகிச்சை அதைவிடத் தேவை. ஆனால் அட்டை ஒரு புதிய தீண்டாமைச் சீட்டாக மாறிவிடாமல் பார்க்க வேண்டியது நம் வேலை. நோயைக் கடத்தும் வாய்ப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். திருமணம் நின்றுபோகும் பழி மட்டும் பெண் தலையில் விழக் கூடாது.

இரண்டாவது, சாதி கடந்த மணத்தை ‘வலுவான பிள்ளைகள் பிறக்கும்’ என்று சொல்லி நாம் ஆதரிக்க வேண்டாம். அது கால்டனின் மொழி. இருவர் விரும்பினார்கள், மணந்தார்கள் என்பது போதுமான காரணம், அதுவே உரிமை. இந்தியாவில் இத்தகைய மணங்கள் 2011–12 ஆய்வொன்றின்படி சுமார் 5 சதவீதமே. அந்த உரிமையைக் காக்க ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கிறோம், பாதுகாப்பு இல்லங்கள் கேட்கிறோம். நமக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டும். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நாமே நமக்குள் போட்டிருக்கும் அகமண வேலிகளும் 1916இல் அண்ணல் சொன்ன அதே வேலிதான். அடுத்த தெருவில் பெண் கொடுக்கத் தயங்கும் இயக்கம் ஊர்த்தெருவைப் பார்த்துச் சாதி ஒழிப்புப் பேசினால் ஒலி எடுபடாது.

மூன்றாவது, நம் சமத்துவத்துக்கு ஆய்வகத்தின் சான்றிதழை அடிப்படையாக்க வேண்டாம். இன்று மரபணு நம் பக்கம் பேசுகிறது என்று மகிழ்ந்தால், நாளை ஏதோ ஒரு ஆய்வு ஏதோ ஒரு வேறுபாட்டைக் காட்டும்போது தலைகுனிய வேண்டிவரும். மனிதர் சமம் என்பது மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட நெறி. 1950இல் அது அரசியலமைப்பாக நடைமுறைக்கு வந்தது, 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை எழுதியவர்கள் யாருடைய மூக்கையும் அளந்துவிட்டு எழுதவில்லை.

இனி ‘பிறவி’ என்ற சொல்லை யாராவது உரக்கச் சொன்னால், நம் பிள்ளைகள் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மெண்டல் இருக்கிறார். அந்தப் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படிக்காமல் தங்கள் தெருவுக்காகவும் படிக்கச் சொல்வோம். படிப்பகங்களிலும் மாலை நேர வகுப்புகளிலும் அந்த ஒரு பாடத்தைச் சாதி ஒழிப்புப் பாடமாக நடத்துவோம். கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற வரிசையில் முதலில் நிற்பது கற்பித்தல்.

ஜெய்பீம்.